பயாப்ஸி ரிப்போர்ட் கையில், ஸ்கேனுக்கு இன்னும் பத்து நாள்: அதுவரை என்ன செய்வது?

அம்மாவுக்கு 58 வயது. மார்பில் இருந்த கட்டியில் ஊசி போட்டு எடுத்த பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, மூன்றாம் ஸ்டேஜ் என்று வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேனுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் ‘ஏதோ கட்டி’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதற்கு மேல் யாரும் மூச்சு விடக் கூடாது என்கிறார் மாமா. இவ்வளவும் எழுதிவிட்டு, ‘தைரியமாக இருப்பது எப்படி?’ என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் கேள்வி தைரியத்தைப் பற்றியதாகத் தெரியவில்லை. இந்தப் பத்து நாளில் நோய் கைமீறிப் போய்விடுமா, அம்மாவிடம் எதைச் சொல்வது, கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்ற மூன்றுக்கும்தான் பதில் தேடுகிறீர்கள். ரிப்போர்ட்டை முழுதாகப் பார்க்காமல் அம்மாவுக்கு இன்ன சிகிச்சைதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் உறுதியாகத் தெரிந்தவை நிறைய இருக்கின்றன.

முதலில் அந்த ‘3’. கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு என்பது மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பதற்கான மதிப்பெண். மார்பகப் புற்றில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: செல்கள் இன்னும் குழாய் வடிவில் அடுக்கியிருக்கின்றனவா, உட்கரு எவ்வளவு கோணல்மாணலாக இருக்கிறது, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 5 வந்தால் கிரேடு 1. 6, 7 வந்தால் கிரேடு 2. 8, 9 வந்தால் கிரேடு 3. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, எங்கும் பரவாத கட்டியும் கிரேடு 3 ஆக இருக்கலாம். ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற கணக்கு. கட்டியின் அளவு, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள், தூரத்து உறுப்புகள் மூன்றையும் பார்த்துச் சொல்வது. 2 சென்டிமீட்டர் வரை டி1, 2 முதல் 5 வரை டி2, அதற்கு மேல் டி3 என்று எழுதுவார்கள். 2018 முதல் மார்பகப் புற்றுக்கு கிரேடையும் ஹார்மோன் முடிவுகளையும் சேர்த்து ஸ்டேஜ் போடும் முறை ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. அப்படியே பார்த்தாலும் கிரேடு 3 என்றால் ஸ்டேஜ் 3 ஆகிவிடாது. அம்மாவுக்கு என்ன ஸ்டேஜ் என்பது இன்று யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் சேர்த்துத்தான். கிரேடு 3 என்றால் செல்கள் வேகமாகப் பிரிகின்றன என்று அர்த்தம். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கீமோ நன்றாக அடிக்கும். பல சமயம் கிரேடு 1 கட்டியைவிட கிரேடு 3 கட்டி கீமோவுக்கு நன்றாகச் சுருங்குவது இதனால்தான்.

அந்த ரிப்போர்ட்டில் கிரேடைவிட முக்கியமான வரிகள் வேறு இருக்கின்றன. அவை பெரும்பாலும் முதல் பக்கத்தில் வராது. சில நாள் கழித்து இணைப்பாக வரும். ஈஆர், பிஆர் என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம். ஈஆர் 1 சதவீதம் செல்களில் இருந்தாலே பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஆனால் 1 முதல் 10 சதவீதம் வரை உள்ளவை ஹார்மோன் மருந்துக்கு எவ்வளவு கட்டுப்படும் என்பது இன்னும் விவாதத்தில் உள்ள விஷயம், அதனால் சதவீதத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெர்2 முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் ‘தெரியவில்லை’ என்று பொருள். ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். அதற்கு மேலும் சில நாள் ஆகும். 2+ என்று வந்த ரிப்போர்ட்டை நெகட்டிவ் என்று நினைத்து ஃபைலில் வைத்துவிடுவதும், ஃபிஷ் அனுப்பப்பட்டதா என்று யாரும் கேட்காமல் போவதும் நடக்கக்கூடிய தவறுகள். நீங்கள் கேளுங்கள். ஏனென்றால் ஹெர்2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து உண்டு. ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஐந்து முதல் பத்து வருடம் ஹார்மோன் மாத்திரை. மூன்றுமே நெகட்டிவ் என்றால் கீமோவின் பங்கு கூடும்.

சிகிச்சையின் வரிசையும் இதைப் பொறுத்தே மாறும். ‘கட்டியை உடனே எடுத்துப் போட்டால் நிம்மதி’ என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் 2 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள ஹெர்2 பாசிட்டிவ் கட்டிக்கும் மூன்றும் நெகட்டிவான கட்டிக்கும் பெரும்பாலும் கீமோவை முதலில் கொடுத்து, ஆபரேஷனைப் பின்னால் வைப்பார்கள். கட்டி மருந்துக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்று கண்கூடாகப் பார்க்கலாம். முழுதாகக் கரையவில்லை என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு வேறு மருந்தைச் சேர்க்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கீமோ முதலில் என்று முடிவானால் ஒன்று கேட்க வேண்டும்: கட்டிக்குள் கிளிப் வைத்தாகிவிட்டதா? அரிசியைவிடச் சின்னதான உலோகத் துண்டு அது. கீமோவில் கட்டி மாயமாகிவிட்டால், எந்த இடத்தைத் திறப்பது என்று சர்ஜனுக்குக் காட்டப்போவது அந்தக் கிளிப்தான். கட்டி கரைந்த பிறகு நினைவு வந்து பயனில்லை.

இப்போது அந்தப் பத்து நாள். விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறக்குறைய நூறு கோடி செல்கள் இருக்கும். ஒரு செல்லில் தொடங்கி அந்த அளவுக்கு வர சுமார் முப்பது தடவை இரட்டிப்பாக வேண்டும். மார்பகக் கட்டி ஒரு தடவை இரட்டிக்கப் பெரும்பாலும் மாதக்கணக்கில் எடுக்கும். அதாவது, நீங்கள் நேற்றுக் கேள்விப்பட்ட நோய் அம்மாவின் உடம்பில் சில வருடங்களாகவே இருந்திருக்கிறது. பத்து நாள் அந்தக் கணக்கில் பெரிதாக எதையும் மாற்றாது. அதற்காக மாதக்கணக்கில் ஆறப்போடலாம் என்று அர்த்தமில்லை. 2020-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஏழு வகைப் புற்றுநோய்களை எடுத்துப் பார்த்து, சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு அபாயம் சிகிச்சை வகையைப் பொறுத்து 6 முதல் 13 சதவீதம் வரை கூடுவதாகக் கண்டது. இது ஒப்பீட்டுச் சதவீதம். நூறில் பதின்மூன்று பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று படிக்கக் கூடாது. ஆகவே சரியான நோயறிதலுக்காக இரண்டு மூன்று வாரம் காத்திருப்பது நியாயம். ‘முதலில் வேறு ஏதாவது முயற்சி செய்து பார்ப்போம்’ என்று மூன்று மாதம் கழிப்பது ஆபத்து.

இந்தப் பதிலை வேறு நோய்க்காகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே சொன்ன நிதானம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தீவிர லுக்கீமியா என்ற ரத்தப் புற்று, வேகமாக வளரும் சில லிம்போமாக்கள் என்ற நிணநீர்ப் புற்றுகள் போன்றவற்றில் நாள்கணக்கு, சிலவற்றில் மணிக்கணக்கு. எந்தப் புற்றுநோயாக இருந்தாலும் புதிதாக முதுகுவலி வந்து கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் அடைப்பது ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முகமும் கழுத்தும் வீங்கி மூச்சுத் திணறுவது, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது, இவற்றுக்கும் ஸ்கேன் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

ஊசி போட்டதால் புற்று கலைந்து பரவிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மார்பகத்தில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. விரைப்பை போன்ற சில இடங்களில் மட்டும் ஊசி போடாமல் வேறு வழியில் நோயை உறுதி செய்வார்கள். அது டாக்டர்களுக்குத் தெரிந்த விதிவிலக்கு. பயாப்ஸி இல்லாமல் ஈஆர், ஹெர்2 எதுவும் தெரியாது, அவை தெரியாமல் சிகிச்சை குருட்டடியாகத்தான் போகும்.

ஸ்கேன் விஷயத்தில் இரண்டு தகவல். பெட் ஸ்கேன் எடுக்கவில்லையே என்று நினைத்து அதை வற்புறுத்திக் கேட்பவர்கள் உண்டு. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றில், எலும்புவலி, மூச்சுத்திணறல் போன்ற அறிகுறி இல்லாதவர்களுக்கு உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்கச் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. டாக்டர் கேட்டிருந்தால் காரணம் இருக்கும். கேட்காவிட்டால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட் எடுப்பதாக இருந்தால், அது சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஏற்றி, எந்தெந்தச் செல்கள் அதை அதிகம் உறிஞ்சுகின்றன என்று பார்ப்பது. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தின நாள் கடுமையான உடலுழைப்பு வேண்டாம், தசைகள் உறிஞ்சிக் குழப்பும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பல இடங்களில் ஸ்கேனைத் தள்ளிவைப்பார்கள். பெட்டில் ஒளிர்வதெல்லாம் புற்றும் கிடையாது. காசநோய்க் கணு, நிமோனியா, பயாப்ஸி ஊசிக்குப் பின் ஆறிக்கொண்டிருக்கும் புண், எல்லாமே ஒளிரும்.

இப்போது உங்கள் கைக்கு வேலை. ஒரு ஃபைல் வாங்குங்கள். அதன் முதல் தாளில், ஒரே பக்கத்தில், இவற்றை எழுதுங்கள்: அம்மாவின் பெயர், வயது, எடை, உயரம், ஒவ்வாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு போன்ற மற்ற நோய்கள், இப்போது சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அதைச் சிவப்பில், பழைய ஆபரேஷன்கள், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் எந்தப் புற்றுநோய். அதன் கீழே பயாப்ஸித் தேதியும் முடிவும் ஒரே வரியில். இனி நடப்பவற்றைத் தேதி போட்டு அதில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் முன்பின் தெரியாத இளம் டாக்டர் முன்னால் நிற்கும்போது, அரைக்கிலோ ரிப்போர்ட்டுகளை அவர் புரட்டப்போவதில்லை. அந்த ஒரு தாளைத்தான் படிப்பார்.

பயாப்ஸி எடுத்த திசு, மெழுகுக் கட்டையில் பதித்து ஆய்வகத்தில் இருக்கும். பிளாக் என்பார்கள். அதிலிருந்து மெல்லிசாகச் சீவி எடுத்து கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது வெறும் ரிப்போர்ட் காகிதத்தை எடுத்துப்போவதில் பாதிப் பயன்தான்; ஸ்லைடுகளையும் பிளாக்கையும் வாங்கிப்போனால் இன்னொரு பத்தாலஜிஸ்ட் தன் கண்ணால் பார்க்க முடியும். ஸ்கேன்களுக்கும் அப்படித்தான்: ஃபிலிமின் போட்டோ போதாது, சிடியோ முழுப் படக் கோப்போ வேண்டும். பிளாக்கைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணைச் சரிபார்த்து கையெழுத்து வாங்குங்கள். ஊசியில் வந்த திசு நூல் தடிமன்தான் இருக்கும். பின்னால் வேறு சோதனைக்குத் தேவைப்படும்போது அது தொலைந்திருந்தால் அம்மாவுக்கு இன்னொரு ஊசி. இரண்டாவது கருத்து கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. நல்ல டாக்டர்கள் அவர்களே சொல்வார்கள். ஆனால் இரண்டோடு நிறுத்துங்கள். ஐந்தாவது டாக்டரிடம் போகும்போது நீங்கள் தேடுவது கருத்தை அல்ல, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் ஆளை. சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டம் உங்கள் மருத்துவமனையில் நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் அதில் அம்மாவின் கேஸை வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை அறையை விட்டு வெளியே வந்த உடனே மறந்துபோகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ‘புற்று’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு மீதியெல்லாம் இரைச்சல்தான். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத வேண்டும். அனுமதி கேட்டு போனில் பதிவு செய்யலாம். கேள்விகள் ஐந்தாறு போதும். இந்தச் சிகிச்சையின் நோக்கம் முழுதாகக் குணமாக்குவதா, கட்டுக்குள் வைப்பதா? இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? எத்தனை வாரம், எத்தனை தடவை வர வேண்டும்? எந்த அறிகுறிக்கு ராத்திரியே கூப்பிட வேண்டும், எந்த எண்ணுக்கு? முதல் கேள்விதான் கேட்கக் கூச்சமாக இருக்கும், அதைத்தான் விடக் கூடாது. ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்று டாக்டர் சொன்னால் கட்டி சுருங்குகிறது என்று பொருள். அதைக் குணமாகிவிட்டது என்று வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். கீமோ தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள், கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது உறங்கிக்கிடக்கும் அந்தக் கிருமி எழுந்து கல்லீரலைத் தாக்கக்கூடும். டிராஸ்டுஸுமாப், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் என்றால் முன்னதாக இதயத்துக்கு எக்கோ. குழந்தை வேண்டும் என்ற வயதில் இருப்பவர்களுக்கு முட்டை அல்லது விந்தணு சேமிப்பு பற்றிக் கேட்க வேண்டிய நேரமும் முதல் கீமோவுக்கு முன்புதான். முட்டைக்கு இரண்டு வாரம் போல ஆகும்.

அம்மாவிடம் சொல்வது. மாமா அன்பினால்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மறைப்பது நடைமுறையில் நிற்காது. மருத்துவமனையின் அந்தப் பிரிவு வாசலில் பெயர்ப்பலகை இருக்கும். காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ‘உங்களுக்கு எத்தனாவது கீமோ?’ என்று கேட்பார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அம்மா. பல கீமோ மருந்துகளுக்கு முதல் தடவை போட்ட இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். இவையெல்லாம்கூட இரண்டாம் பட்சம். தனக்கு ஏறுவது என்ன மருந்து என்று தெரியாதவர், கீமோ போட்ட பத்தாம் நாள் ராத்திரி உடம்பு கொதிக்கும்போது, ‘சும்மா காய்ச்சல்தான், பிள்ளைகளை ஏன் எழுப்பணும்’ என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். அந்தக் காய்ச்சல் உயிரைக் குடிக்கும் வகை. மறைப்பதால் வரும் உண்மையான ஆபத்து இதுதான், மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் அதற்குள் ஊகித்திருப்பார்கள். நீங்கள் அவருக்காக மறைக்க, அவர் உங்களுக்காகத் தெரியாத மாதிரி நடிப்பார். இருவரும் தனித்தனியாக அழுவீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். கெட்ட செய்தி சொல்லப் பயிற்சி பெறும் டாக்டர்களுக்கு முதலில் கற்பிப்பது, சொல்வதற்கு முன் கேட்பது. டிவியை நிறுத்திவிட்டு, அவசர வேலை இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: ‘அம்மா, இந்தக் கட்டி என்னவா இருக்கும்னு நினைக்கிற?’ அவர் சொல்வதிலிருந்தே பாதி தெரிந்துவிடும். அடுத்து, ‘ரிசல்ட் வந்துடுச்சு. டாக்டர் சொன்ன எல்லாத்தையும் சொல்லட்டுமா, இல்ல முக்கியமானதை மட்டும் சொல்லட்டுமா?’ சொல்லச் சொன்னால், சின்ன வாக்கியங்களில்: ‘புற்றுநோய்தான்னு சொல்லியிருக்காங்க. எவ்வளவு தூரம்னு ஸ்கேன் பாத்தாதான் தெரியும். வைத்தியம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் நான் கூட வருவேன்.’ பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் ஒரு நிமிடம் நீண்டால் நிரப்பத் தோன்றும், நிரப்பாதீர்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததற்கு ‘தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்’ போதும். ‘உனக்கு ஒண்ணும் ஆகாது’ என்று மட்டும் சத்தியம் செய்து வைக்காதீர்கள், பின்னால் நீங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் அவர் நம்ப மாட்டார். ‘எனக்கு எதுவும் வேண்டாம், நீயே பார்த்துக்கோ’ என்றால் அதுவும் அவர் உரிமைதான். அப்போதும் இரண்டு விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும்: இது சக்திவாய்ந்த மருந்து, காய்ச்சல் வந்தால் உடனே என்னை எழுப்பு. இன்று வேண்டாம் என்றவர் அடுத்த மாதம் கேட்கலாம், ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி கேளுங்கள்.

அந்தக் காய்ச்சலை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், உடனே மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டும். பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்பது மிகப் பெரிய தப்பு: சூடு இறங்கும், தொற்று உள்ளே வளரும். அணுக்கள் குறைந்திருப்பதால் சீழ், சிவப்பு, வீக்கம் எதுவும் வெளியே தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை மணி. நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று முதல் கீமோவுக்கு முன்பே வீட்டில் இருக்கட்டும். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் கொடுங்கள். சில மருந்துகளுக்கு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் குமட்டல் அதிகம். வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும். நோய் தொற்றாது, தொடலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். கீமோ போட்ட 48 மணி நேரம் மட்டும் வாந்தி, சிறுநீரைக் கையாளும்போது கையுறை, கழிப்பறையை மூடிவைத்து இரண்டு தடவை ஃபிளஷ்.

சாப்பாட்டைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பட்டியல் அனுப்புவார்கள். சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் செத்துவிடும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. பட்டினி கிடந்து எடை குறைந்து, அதனால் கீமோ தள்ளிப்போவது கண்ணெதிரே நடக்கும் தீங்கு. ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் இலக்கு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களை வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்ட 2018 ஆய்வொன்றில், மொத்தத்தில் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். கூடவே ஏதாவது பொடியோ கஷாயமோ எடுத்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் அளவையே ரத்தத்தில் மாற்றிவிடும். சோர்வுக்கு ஓய்வைவிட நடை உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: வாரத்துக்கு மூன்று நாள், முடிந்தால் அரை மணி நேரம்.

இனி மனசு. ‘நம்பிக்கையோட இரு, நம்பிக்கை இருந்தா ஜெயிச்சுடலாம்’ என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனநிலைதான் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் ஆயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த 2007 ஆய்வில், மனநிலைக்கும் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. இது நல்ல செய்தி என்றே படுகிறது. அம்மா ஒரு நாள் அழுதால், கோபப்பட்டால், அதனால் நோய் முற்றிவிடாது, அழ விடலாம். மறுப்பு, கோபம், பேரம், சோகம், ஏற்பு என்று எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் சொன்ன ஐந்து நிலைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவை படிக்கட்டு மாதிரி வரிசையாக வருவதில்லை. காலையில் ஏற்றுக்கொண்டவர் மாலையில் ‘ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ’ என்பார். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற பேச்சு வருகிறது என்றால் அது மருந்தும் ஆலோசனையும் வேண்டிய மனச்சோர்வு. பல மையங்களில் மன உளைச்சலை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லிக் கேட்பார்கள். 4-ம் அதற்கு மேலும் என்றால் உதவிக்கு அனுப்புவார்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே எண்ணைச் சொல்லுங்கள்.

இணையத்தில் ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு’ என்று ஒரு சதவீதத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து வருடம்தான் இருப்பார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஐந்தாம் வருட முடிவில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்ற எண்ணிக்கை அது. அவர்களும் பல வருடங்களுக்கு முன், பழைய மருந்துகளோடு சிகிச்சை தொடங்கியவர்கள். இடைநிலை என்று ஒரு எண் சொன்னால் பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982-ல் மீசோதீலியோமா என்ற வயிற்று உறைப் புற்று வந்தபோது அந்த நோய்க்கு இடைநிலை எட்டு மாதம். அவர் இருபது வருடம் வாழ்ந்து 2002-ல் வேறொரு புற்றால் இறந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஸ்டேஜ் தெரியும் முன் எந்தச் சதவீதத்தைப் படித்தாலும் அது வேறு யாரோ ஒருவருடைய எண்.

வலி, மூச்சுத்திணறல், உளைச்சல் ஆகியவற்றைப் பார்க்கும் பேலியேட்டிவ் டாக்டரின் பெயரைக் கேட்டதும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்துச் செய்த 2010 ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே அந்த உதவியும் கிடைத்தவர்கள் நன்றாகவும் இருந்தார்கள், சராசரியில் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள்.

உங்களைப் பற்றி. டாக்டரிடம் பேச ஒருவர், உறவினர்களுக்குச் செய்தி சொல்ல ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவரே செய்தால் ஒரே கதையை நாளைக்கு இருபது தடவை சொல்லியே ஓய்ந்துபோவார். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பவர்களிடம் ‘புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவைக் கூட்டிப்போக முடியுமா?’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். உங்கள் சொந்த மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ‘எனக்கும் வருமா’ என்ற பயம் உங்களுக்குள் இருந்தால் அது சுயநலம் ஆகாது. மார்பகப் புற்றில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை மரபணுவால் வருவது. அம்மாவுக்கு மூன்றும் நெகட்டிவ் என்று வந்தாலோ, குடும்பத்தில் வேறு மார்பக, சினைப்பைப் புற்று இருந்தாலோ, மரபணுச் சோதனை வேண்டுமா என்று அம்மாவின் டாக்டரையே கேளுங்கள். சோதனையை முதலில் செய்ய வேண்டியது அம்மாவுக்கு, உங்களுக்கு இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட் டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின ராத்திரியே உங்கள் போனுக்கு வந்து சேரலாம். திறந்தால் ‘சந்தேகத்துக்குரியது’, ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை’, ‘தொடர்ந்து கவனிக்கவும்’ போன்ற சொற்கள் இருக்கும். நுரையீரலில் 4 மில்லிமீட்டர் புள்ளி, கல்லீரலில் சின்ன நீர்க்கட்டி, எலும்பில் பழைய அடிபட்ட தடம், இப்படி அறுபதை நெருங்கும் யாரைப் படம் எடுத்தாலும் இரண்டு மூன்று கிடைக்கும். ரேடியாலஜிஸ்ட் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியாக வேண்டும். அதனால் அம்மா தூங்கிய பிறகு தனியாகப் படித்து ஒவ்வொரு சொல்லாகத் தேடாதீர்கள். படிக்காமல் இருக்க முடியாது என்றால், கடைசியில் உள்ள முடிவுரையை மட்டும் படித்து, புரியாத வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஃபைலில் அந்த முதல் தாளுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். காலையில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தக் கோடுகள்தான்.